இருபத்து மூன்று புரிஞ்சுதா

போன கோடை விடுமுறையில் எங்கள் பொறியியல் கல்லூரியில் ஆசிரியர்களுக்கு ஐந்து நாள் பயிற்சி வைத்தார்கள். பாடம் நடத்துவது எப்படி என்று, பதினெட்டு வருஷமாகப் பாடம் நடத்திக்கொண்டிருக்கும் என்னைப் போன்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சி. கடைசி நாள் ஒவ்வொருவரும் கேமரா முன்னால் பத்து நிமிஷம் வகுப்பு எடுக்க வேண்டும், மதிப்பெண் நேரே முதல்வருக்குப் போகும் என்றார்கள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

காரணம் இருந்தது. இயந்திரவியல் துறையில் தலைவரைத் தவிர நாங்கள் மூன்று பேர். ஒரகடத்தைச் சுற்றி எத்தனை தொழிற்சாலை இருந்து என்ன, பிள்ளைகள் எல்லாம் கம்ப்யூட்டர் பக்கம் போய்விட்டார்கள். அடுத்த வருஷத்துக்கு இரண்டு பேர் போதும் என்று நிர்வாகம் முடிவு செய்திருந்தது. யாரை அனுப்புவது என்பதை இந்தப் பயிற்சியை வைத்துத்தான் பார்ப்பார்கள் என்று துறைத்தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நல்ல மனுஷன். ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு நாற்பத்தாறு வயது. இந்த வயதில் இன்னொரு கல்லூரி வாசலில் பயோடேட்டாவோடு நிற்க முடியுமா?

முதல் நாளே மானம் போயிற்று. பயிற்சி கொடுக்க வந்தவருக்கு என் பழைய மாணவர்கள் வயசுதான் இருக்கும். ஒத்திகையாக ஆளுக்குப் பத்து நிமிஷம் பேசச் சொல்லி, படம்பிடித்து, எல்லாருக்கும் திரையில் போட்டுக் காட்டினார். என்னுடையது முடிந்ததும் கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

"மேடம், நீங்க இருபத்து மூணு தடவ புரிஞ்சுதான்னு கேட்டிருக்கீங்க. ஒரு தடவகூட பதிலுக்காக நிக்கல."

எல்லாரும் சிரித்தார்கள். அவர்களில் யார் அதைச் சொல்லாதவர்கள் என்று கேட்க வாய் துறுதுறுத்தது. எங்கள் கல்லூரியில் 'புரிஞ்சுதா' கேள்வியே இல்லை, முற்றுப்புள்ளி. நான் புரிஞ்சுதா என்பேன், வகுப்பு மொத்தமும் "புரிஞ்சுது மேடம்" என்று ராகம் போடும், நான் போர்டை அழித்துவிட்டு அடுத்ததுக்குப் போவேன். கடைசி நாள் அந்த வார்த்தை வரவே கூடாது என்று அவர் தடை போட்டார். உருப்படியாக ஒரு கேள்வி கேட்டுவிட்டு, மனசுக்குள் பத்து எண்ணும்வரை வாயைத் திறக்காமல் நிற்க வேண்டுமாம்.

பத்து எண்ணுவது என்ன பெரிய வித்தை என்றுதான் நினைத்தேன். படப்பையில் எங்கள் வீட்டில் என் வீட்டுக்காரரை சோபாவில் உட்காரவைத்துப் பழகிப் பார்த்தேன். நாலு எண்ணுவதற்குள் அவர் பதறிப்போய், "இன்னாச்சு? ஒடம்பு சரியில்லயா?" என்று எழுந்துவிட்டார். அவருக்கு என்ன தெரியும்? நான் மௌனத்துக்குப் பயப்படவில்லை. அந்த மௌனத்தில் யாராவது எழுந்து எதையாவது கேட்டுவிட்டால் எனக்குப் பதில் தெரியாமல் போகுமே என்று பயந்தேன். பதினெட்டு வருஷமாக அதே பயம்தான்.

கடைசி நாள் வந்தது. வழக்கமான மாணவர்கள் விடுமுறையில் இருந்ததால், வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் வகுப்பைக் கொண்டுவந்து முன்னால் உட்காரவைத்தார்கள். காலையில் எங்களிடம் படித்துவிட்டு மத்தியானம் இரண்டாம் ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் ஏறுகிறவர்கள். நான் எடுத்தது சுழலும் பாகங்களைச் சமநிலைப்படுத்தும் பாடம். தூக்கத்தில் எழுப்பினாலும் எழுதிவிடும் அட்டவணை அது. போர்டில் எழுதி முடித்து, "இதுல எந்த இடம் சந்தேகமா இருக்கு?" என்று கேட்டுவிட்டு எண்ண ஆரம்பித்தேன்.

ஒன்று. இரண்டு. மார்க்கர் வியர்வையில் வழுக்கியது. ஏழு எண்ணும்போது மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். வடக்குப்பட்டில் விடுதியில் தங்கி, சக்கரம் பொருத்தும் லைனில் வேலை பார்க்கிறவள். ஒரு வருஷமாக என் வகுப்பில் வாய் திறந்ததே இல்லை.

"அட்டவணையில கடைசி கட்டம் எதுக்குன்னு வெளங்கல மேடம். போன செமஸ்டர்லயும் வெளங்கல."

கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டேன். "அப்ப ஏம்மா புரிஞ்சுதுன்னு சொன்னே?"

"சொன்னாத்தான நீங்க விடுவீய. கம்பெனி பஸ்ஸு போயிருமே."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. அவள் உட்காரவும் இல்லை. தங்கள் லைனில் சக்கரத்துக்கு உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என இரண்டு எடைத்துண்டு ஒட்டுவதாகவும், ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் ஏன் பத்தாது என்றும் கேட்டாள். அதற்குப் பதில் அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் இருக்கிறது என்பதுவரை எனக்குத் தெரியும். அதை எழுதாதவர்களுக்கு வருஷா வருஷம் மதிப்பெண் குறைத்திருக்கிறேன். ஆனால் ஒரு நிஜச் சக்கரத்தில் அது எந்த ஆட்டத்தை நிறுத்துகிறது என்று சொல்ல வரவில்லை. ஷேர் ஆட்டோ தூரத்தில் இத்தனை தொழிற்சாலை இருந்தும் நான் ஒரு சக்கரம் சமன்செய்வதை நின்று பார்த்ததில்லை.

"எனக்குத் தெரியல" என்றேன். பத்து நிமிஷம் முடிந்து மணி அடித்தார்கள்.

பயிற்சியாளர் தலை நிமிராமல் என்னவோ நீளமாக எழுதினார். மாணவர்களுக்கும் கருத்துப் படிவம் கொடுத்தார்கள்; அதையும் மதிப்பெண்ணில் சேர்ப்பார்களாம். நான் வராந்தாவில் போய் உட்கார்ந்தேன். வேலை போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் தோளில் பையோடு வேகமாக வந்தாள். பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

"மேடம், மூணு பேர்ல ஒருத்தரத் தூக்கப் போறாவன்னு ஆபீஸ்ல பேசிக்கிட்டாவ. பாரத்துல பாடம் புரிஞ்சுதான்னு கேட்டிருந்துச்சு. ஆமான்னு போட்டுட்டேன். எல்லாரையும் அப்படியே போடச் சொல்லிட்டேன். பயப்படாதீய."

திருப்பி வாங்கி உண்மையை எழுது என்று சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனிவரை வந்தது. ரொம்பப் பயமாக இருந்தது.

"சரிம்மா. பஸ் போயிடும், ஓடு" என்றேன்.

துறையில் மீந்த இரண்டு பேரில் நான் ஒருத்தி. அதே வகுப்பை இந்த வருஷமும் எனக்கே கொடுத்தார்கள். முதல் நாள் அவள் மூன்றாவது பெஞ்சில்தான் இருந்தாள். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் போர்டில் எழுத ஆரம்பித்தேன்.