பேராச்சிக்குக் கிடைத்த சுவர்

தும்மினால் முதுகெலும்பு உடையுமா? உடையும். என் வீட்டு வாசலில், என் கண் முன்னால் உடைந்தது. இன்றைக்கும் யாராவது பக்கத்தில் தும்மினால் நான் முதலில் அவர்கள் முதுகைத்தான் பார்க்கிறேன்.

தும்மியவள் பேராச்சி. முக்கூடலில் எங்கள் எதிர்வீட்டுக்காரி, இப்போதுதான் நாற்பதை எட்டியவள். புருஷன் இசக்கிமுருகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். நான் பீடி சுற்றுகிறவள். பீடி இலையும் புகையிலைத் தூளும் பரப்பிய சுளவு முறத்தை மடியில் வைத்து வாசலில் உட்கார்ந்தால் தெருவில் யார் போனாலும் வந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. பேராச்சி கட்டட வேலையில் சித்தாள். காலையில் சேலைக்கு மேல் புருஷனின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, சும்மாட்டுத் துணியும் தூக்குவாளியுமாகத் திருநெல்வேலி பஸ்ஸுக்கு ஓடுவாள். “உக்காந்த எடத்துலயே சம்பாதிக்கிற மகராசி” என்று என்னைச் சீண்டாமல் போகமாட்டாள்.

அவளுக்கு ஒரே ஒரு வெறி இருந்தது. கொத்தனார் ஆகவேண்டும். ஆம்பளைப் பையன் ஒருவன் சித்தாளாகச் சேர்ந்தால் கொஞ்ச காலத்தில் கையில் பூசுகரண்டியைக் கொடுத்துவிடுவார்கள். பொம்பளை என்றால் சாகிறவரை கலவைச் சட்டிதான் சுமக்கவேண்டும். பேராச்சி விடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் கண்ணயரும்போது கழிப்பறைச் சுவரின் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டியின் உட்பக்கம் என்று யார் கண்ணிலும் படாத இடமாகப் பூசிப் பூசிப் பழகினாள். இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்த மேஸ்திரி நெல்லையப்பன் அண்ணாச்சி ஒருநாள் மனம் இறங்கினார். “லீவு போடாம வா தாயி. தை பொறந்ததும் ஒரு செவுரு பூச ஒனக்குத் தாரேன்” என்றார்.

லீவு போடாமல் எப்படிப் போவாள்? மூட்டு வீங்கியிருந்தது. கழுத்து மரத்துப் போயிருந்தது. வலது கையைத் தூக்கித் தலைவார முடியாமல் என்னிடம் வந்து சீப்பை நீட்டுவாள். அதிலும் காங்கிரீட் போடுகிற நாள் என்றால் கேட்கவே வேண்டாம். வண்டி நுழையாத சந்தாக இருந்தால் ஆட்கள்தான் சாரத்தில் வரிசையாக நின்று கலவைச் சட்டியைக் கைமாற்றி மாடிக்கு ஏற்றவேண்டும். பாதியில் நிறுத்தினால் ஒட்டு விழுந்து மழைக்கு ஒழுகும். அதனால் ஆரம்பித்துவிட்டால் முடிகிறவரை ஒருத்தரும் உட்காரக்கூடாது. அன்றைக்குக் காலை டீயோடு ஆளுக்கொரு மாத்திரைப் பொட்டலத்தையும் அண்ணாச்சி தன் கையாலேயே கொடுப்பார். மருந்துக் கடையில் ‘உடம்பு வலிக்கு ஒரு செட்’ என்று கேட்டால், டாக்டர் சீட்டு எதுவும் இல்லாமலே நாலைந்து மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துத் தருவார்களே, அதுதான். அவருக்கு அது ஆட்கள்மேல் வைத்த அக்கறை.

பேராச்சி அதைக் கடையில் தானே வாங்கி எப்போதோ தினப்படி ஆக்கிக்கொண்டிருந்தாள். போட்ட கொஞ்ச நேரத்தில் வலி போன இடம் தெரியாது. இப்படியே வருடக்கணக்காகப் போட்டுவந்தாள். ஒட்டிக்கிடந்த கன்னம் நிறைந்து முகம் வட்டமானது. “ஏட்டி, சதை போட்டு மினுமினுன்னு ஆயிட்டியே, கொத்தனாராகப் போற குஷியா?” என்று தெருவே கேட்டது. அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

தை பிறந்தது. அண்ணாச்சி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பேட்டையில் ஒரு வீட்டுச் சமையலறைச் சுவர் அவளுக்கு. வேலைக்குக் கிளம்பியவள் என் வாசலில் நின்று அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். என் சுளவிலிருந்த புகையிலைத் தூளின் காரமோ என்னவோ, தும்மினாள். ஒரே தும்மல். ‘அம்மா’ என்று கத்தியவள் அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். நான் சிரித்துக்கொண்டே, “பிடிப்பா இருக்கும், பைய எந்திரிட்டி” என்றேன். அவளால் எழ முடியவில்லை. முகம் வெளுத்துவிட்டது.

பெரியாஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர் சித்ரலேகா, “எங்கயாவது ஒசரத்துல இருந்து விழுந்தாங்களா?” என்று கேட்டார்.

“தும்முனா, டாக்டர்” என்றேன். எனக்கே என் பேச்சு பைத்தியக்காரத்தனமாகப் பட்டது.

முதுகில் இரண்டு எலும்புகள் நசுங்கியிருந்தன. என்ன மாத்திரை சாப்பிடுகிறாள் என்று டாக்டர் கேட்க, பேராச்சி படுத்தபடியே முந்தானை முடிச்சைக் காட்டினாள். நான் அவிழ்த்துக் கொடுத்தேன். பொட்டலத்தில் இருந்ததிலேயே சின்ன மாத்திரையை டாக்டர் விரலால் ஒதுக்கினார்.

“ஸ்டீராய்டும்மா இது. வலிய அமுக்கிரும், எலும்ப உள்ளுக்குள்ளயே அரிச்சிரும். முகம் உப்புனது சதை இல்ல, இதோட வேலைதான். எண்பது வயசு எலும்பாக்கி வச்சிருக்கு.”

மினுமினுவென்று ஆகிவிட்டது என்று தெருவே மெச்சிய முகம்! விற்றவனைச் செருப்பால் அடிக்கவேண்டும் போலிருந்தது.

“இனிம அந்தச் சனியனத் தொடமாட்டேன் டாக்டரம்மா” என்று பேராச்சி அழுதாள்.

“அப்படித் திடீர்னு நிறுத்திராதீங்க. உயிருக்கே ஆபத்து. இந்த மருந்து மாதிரி ஒண்ண ஒடம்பு தானாவே சுரக்கும், இப்ப அத மறந்துருச்சு. நாங்க கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும்.”

நர்ஸ் வலிக்கு ஊசி போட்டுவிட்டு, அதே மருந்தைக் கொண்டுவந்து அவள் உள்ளங்கையில் வைத்தார். அவளைக் கெடுத்ததையே ஆஸ்பத்திரியும் கொடுக்கவேண்டியிருக்கிறது. வெளியே வந்ததும் டாக்டர் என்னிடம் மட்டும் சொன்னார், கட்டட வேலை இனி அவளுக்குக் கிடையவே கிடையாது என்று.

சாயங்காலம் அண்ணாச்சி வந்தார். வராந்தாவிலேயே நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

“நான்லா என் கையால குடுத்தேன். நானும்லா அதயே போடுதேன், தாயி” என்றார். பிறகு, “அந்தச் செவுர மத்தியானமே வேற ஆள வச்சுப் பூசியாச்சு. வீட்டுக்காரரு அவசரப்பட்டாரு” என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

இருவரும் உள்ளே போனோம். பேராச்சிக்கு வலி அடங்கியிருந்தது. அவரைக் கண்டதும் சிரித்தாள்.

“வலி விட்டுட்டு அண்ணாச்சி. திங்கக்கிழம வந்திருவேன். என் செவுர மட்டும் வேற யாருக்கும் குடுத்திராதீங்க.”

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“குடுக்க மாட்டேன் தாயி” என்றார்.