நமுனுகுல மலையில் ஒரு கடல்

நான் கடலைப் பார்த்ததில்லை. இதை யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் — முக்கியமாகப் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டரிடம்!

போன செவ்வாய்க்கிழமை அவர் எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். என் வாத்தியார் சர்டிபிகேட் பரீட்சையில் மிச்சமிருந்தது மாதிரிப் பாடம் ஒன்றுதான். அவர் முன்னால் நடத்திக் காட்ட வேண்டும். ஏற்கனவே இரண்டு தடவை தவறிவிட்டேன். இந்தத் தடவையும் தவறினால் வேறு வாத்தியாரைப் பார்க்க வேண்டியதுதான் என்று தோட்டத் துரை சொல்லிவிட்டார். எனக்கோ இந்த வேலையை விட்டால் வேறொன்றும் தெரியாது.

அன்றைய பாடம் என்ன தெரியுமா? கடல்.

'கடல் மிகப் பெரியது. கடலில் அலை வீசும்.' இதைக் கூலிக்காரர் லயத்துப் பிள்ளைகளுக்கு எப்படிப் புரியவைப்பது? அவர்கள் பார்த்த பெரிய தண்ணீரே குடம் வைத்துப் பிடிக்கும் பீலிக்கரைத் தொட்டிதான். நான் மட்டும் என்ன! இதே மலையில் பிறந்தவன். பதுளைக்கு ரயில் பாதை போடுகிறார்கள். அது வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்.

'தெரிந்ததைக் காட்டித் தெரியாததைச் சொல்லிக்கொடு' — பதுளையில் நடந்த சனிக்கிழமைப் பயிற்சி வகுப்பில் சொன்னது. நோட்டில் அழகாக எழுதி வைத்திருந்தேன். எழுதுவது சுலபம்...

அன்று காலை பள்ளிக்கூட ஜன்னலைத் திறந்தேன். கீழே பள்ளத்தாக்கைக் காணோம்! கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெள்ளை மூடுபனி. வெயில் பட்டு மெல்ல அசைகிறது. மலை உச்சிகள் மட்டும் அங்கங்கே தலைகாட்டுகின்றன. எவ்வளவு நேரம் அப்படியே நின்றேனோ... கால் தரையில் இருந்ததாகவே ஞாபகமில்லை. கடல் இப்படித்தான் இருக்கும் என்று மனசு சொல்லிற்று. கரும்பலகையைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகளோடு வெளியே போனேன்.

"இதாங்களா ஐயா கடலு?"

"கிட்டத்தட்ட."

"அந்தா, அதெல்லாம் தீவு!"

"கப்பல் எங்கங்கய்யா?"

அதற்கென்றே பனிக்குள்ளிருந்து ஒரு பருந்து எழும்பி வந்தது. அதுதான் கப்பல் என்று முடிவாயிற்று.

"பள்ளிக்கூடத்தை விட்டிட்டு இஞ்சை என்ன செய்யிறியள்?"

பின்னால் இன்ஸ்பெக்டர். குதிரையிலிருந்து இறங்கி நிற்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர்.

"கடல் பாடம், ஐயா..."

அவர் பள்ளத்தாக்கை வெகுநேரம் பார்த்தார். "எங்கட ஊர்க் கடலும் விடியக்காலமை இப்பிடித்தான் கிடக்கும்" என்றார். எல்லாம் தெரிந்தவன் மாதிரி நானும் தலையாட்டினேன்!

பிறகு முன்னால் நின்ற செல்லாயியைக் கூப்பிட்டார். "கடலுக்கு அங்கால என்ன இருக்கு? பலகையிலை எழுது பாப்பம்."

அவள் எழுதினாள்: அக்கறை.

போச்சு! இந்தியாவை எங்கள் தோட்டத்தில் அக்கரை என்றுதான் சொல்வோம். அதற்குச் சின்ன 'ர'. எங்கள் வாயில் இரண்டு எழுத்தும் ஒன்றுதான். வித்தியாசத்தைச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியவன் நான்.

"பிழையெல்லோ பிள்ளை? இது மற்ற ஆக்களிலை வைக்கிற அக்கறை."

"அதாங்கய்யா. எங்க அக்காவை அங்கதான் கட்டிக் குடுத்திருக்கு. அதுக்கு எங்க மேல ரொம்ப அக்கறைன்னு அம்மா சொல்லும். அதனாலதான் அந்த ஊருக்கு அந்தப் பேருன்னு நெனச்சேங்க."

என் அம்மாவும் அங்கிருந்து வந்தவள்தான். இன்ஸ்பெக்டர் சாக்பீஸை எடுத்தார். 'ற' வரை கையைக் கொண்டுபோனார். என்ன நினைத்தாரோ, சாக்பீஸை என்னிடம் நீட்டினார்.

"நீங்களே திருத்துங்கோ, வாத்தியார்."

குதிரையில் ஏறிப் போய்விட்டார். அந்தச் சாக்பீஸோடு நான் நின்றுகொண்டிருந்தேன். பாஸா, பெயிலா? அன்று ராத்திரி தூக்கமே இல்லை.

பயிற்சி வகுப்புதான் வாத்தியாரை வளர்க்கிறது என்று நம்பியிருந்தேன். பாதி உண்மை. 'எனக்கும் தெரியாதே' என்ற பயம்தான் மீதிப் பாதியை வளர்க்கிறது போலிருக்கிறது.

சனிக்கிழமை கடிதம் வந்தது. பாஸ்! அடியில் ஒரு குறிப்பு: 'ர, ற வித்தியாசத்தைக் கவனிக்கவும்.'

கவனிக்க வேண்டியதுதான். சர்டிபிகேட் வாங்கிய வாத்தியாருக்கு ஒரு எழுத்தைத் திருத்தத் தெரியாதா என்ன? ஆனாலும் பலகையில் அவள் எழுதிய அந்த மூலையை மட்டும் இன்னும் துடைக்கவில்லை... கேட்டால், சாக்பீஸ் தீர்ந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்!