மூன்றாவது சிலிண்டர்

என் மச்சானின் பழைய காரில் நான்கு ஸ்பார்க் பிளக்குகள். மூன்றின் தலையில் எண்ணெயும் தூசியும் அப்பிக் கிடந்தன. ஒன்று மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தது. பானட்டைத் தூக்கியதும் என் மனைவியின் கண் நேராக அதன் மேல்தான் போனது.

“மூணாவது மட்டும் இன்னாத்துக்குப் புதுசா கீது?” என்றாள்.

அவள் ஆவடிக்காரி. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உதிரி பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை. திருமணமாகி இத்தனை வருடத்தில் என் விருதுநகர்ப் பேச்சுக்கு ஏறக்குறைய ஒத்துவந்துவிட்டாள். சந்தேகம் வந்தால் மட்டும் பிறந்த ஊர்ப் பேச்சு திரும்பிவிடும்.

“பழசு உடைஞ்சிருச்சு. மாத்தினேன்,” என்றேன். பொய் இல்லை. ஆனால் பாதிதான் சொல்லியிருந்தேன்.

கார் அவளுடைய தம்பியுடையது. வளைகுடாவில் டிரைவராகப் போவதற்கு முன்னால் ஆவடி ஸ்டேஷன் ஸ்டாண்டில் டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தான். அவள் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்த மூன்று வருடமும், காலையில் அவளைக் கல்லூரி வாசலில் இறக்கிவிட்டுத்தான் முதல் சவாரிக்கே போவானாம். வெளிநாடு கிளம்பியபோது திருநின்றவூரில் எங்கள் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் வண்டியை நிறுத்தி, சாவியை என் கையில் கொடுத்தான்.

“வாரத்துக்கு ஒருவாட்டி ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிசம் ஓடவுடு மாமா. வேற ஒண்ணியும் வாணாம்.”

ஒன்றரை வருடம் தவறாமல் செய்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பேப்பரை எடுத்துக்கொண்டு அந்த சீட்டில் போய் உட்கார்ந்துகொள்வது எனக்கே பிடித்துப்போயிருந்தது. தீபாவளிக்கு முந்தின வாரம் எஞ்சின் விட்டுவிட்டு ஓடியது. போனில் ஒரு வீடியோ பார்த்தேன். பிளக்குகளைக் கழற்றிச் சுத்தம் செய்தால் போதும் என்றார்கள். நாலையும் கழற்றினேன். மூன்றாவது கை நழுவி சிமெண்டுத் தரையில் விழுந்து, அதன் பீங்கான் விரிசல் விட்டுவிட்டது. கடை மூடியிருந்தது. நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று, மற்ற மூன்றையும் துடைக்காமல் அப்படியே திருப்பி மாட்டி, காலியாக இருந்த அந்த ஓட்டையில் பழைய பனியன் துணியைச் சுருட்டி அடைத்துவிட்டு பானட்டை மூடினேன்.

மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. ஏரி நிரம்பி தெருவில் முழங்கால் தண்ணீர். கொட்டகைக்குள் தண்ணீர் ஏறவில்லை என்பதை மட்டும் தினமும் பார்த்து நிம்மதியானேன். தகரத்தில் இருந்த ஆணி ஓட்டை வழியாகத் தண்ணீர் சொட்டி, பானட்டின் இடுக்கில் இறங்கி, அந்தத் துணியில் ஊறிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. மழை விட்ட பிறகும் சீட்டில் பேப்பர் படித்ததோடு சரி, ஸ்டார்ட் செய்வது விட்டுப்போயிற்று. துணி என்ற ஒன்று அங்கே இருப்பதையே மறந்துவிட்டேன்.

பொங்கலுக்குப் பிறகு ஞாபகம் வந்து புது பிளக் வாங்கிப் போனேன். துணியை இழுத்தபோது செம்மண் நிறத்தில் சொதசொதவென்று வந்தது. பிளக்கை மாட்டிச் சாவியைத் திருப்பினேன். ‘டக்’ என்றது. அவ்வளவுதான். பேட்டரியாக இருக்கும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டு பேட்டரியை மாற்றினேன். மறுபடியும் அதே ‘டக்’. அதற்குப் பிறகு ஒரு மாதம் கொட்டகைப் பக்கமே போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரை வீட்டுக்குள்ளேயே படித்தேன். அவளும் கேட்கவில்லை.

அப்போதுதான் மச்சானிடமிருந்து போன் வந்தது. “மூணு வாரத்துல வரேன் மாமா, லீவு கெடைச்சிட்சி. ஏர்போர்ட்டுக்கு நம்ம வண்டிலயே வந்துடு.”

“சரி மச்சான்,” என்றேன். 

அன்று மாலையே ஸ்டேஷன் பக்கத்திலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்தேன். அவர் எஞ்சினின் முன்பக்கப் புல்லியில் ஸ்பேனரை மாட்டி அழுத்திப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“ஜாம் ஆய்ட்ச்சி சார். பிஸ்டன் புட்ச்சிகினு கீது. எஞ்சின எறக்கணும். இந்த வண்டிக்கு பார்ட்ஸ் தேடறதுக்கே ரெண்டு மாசம் ஆவும்.”

“மூணு வாரத்துல வண்டி ஓடணுமே.”

“அப்ப ஒண்ணு பண்லாம். கயிறு கட்டி இன்னொரு வண்டில இய்ப்போம். செகண்ட் கியர்ல வச்சி கிளட்ச வுட்டா புட்டுக்கும்.”

நான் கயிறு எடுத்துவரச் சொல்லிவிட்டேன். அந்த நேரம் பார்த்து என் மனைவி வேலையிலிருந்து திரும்பி, தோளில் பையோடு கேட்டருகில் நின்றாள்.

“எது புட்டுக்கும்? பிஸ்டனா, அதைத் தாங்கற ராடா?” என்று கேட்டாள்.

மெக்கானிக் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. “அக்கா சொல்றதும் கரீட்டுதான். ராடு வளைஞ்சா வளைஞ்சதுதான்,” என்று ஒப்புக்கொண்டு அவர் கிளம்பிவிட்டார். அதற்குப் பிறகுதான் அவளே பானட்டைத் தூக்கி, அந்தப் புது பிளக்கைப் பார்த்தது.

‘உடைஞ்சிருச்சு, மாத்தினேன்’ என்ற என் பதில் அவளுக்குப் போதவில்லை. நாலு பிளக்கையும் கழற்றி வரிசையாக வைத்தாள். போனில் மாட்டுகிற சின்னக் கேமரா ஒன்று அவளிடம் உண்டு. அதன் வயரை ஒவ்வொரு ஓட்டையிலும் இறக்கிப் பார்த்தாள். மற்ற மூன்று சிலிண்டர்களின் சுவர் சாம்பல் நிறத்தில் மின்னியது. மூன்றாவதில் பிஸ்டனைச் சுற்றி வளையமாகத் துரு. போனை என் பக்கம் திருப்பினாள்.

“தண்ணி உள்ள போயிருக்கு. பிளக் மாட்டியிருந்தா எப்படிப் போச்சு?”

பனியன் துணியிலிருந்து ‘டக்’ வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைப் பார்க்காமல் வயரைச் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

“எப்பலேர்ந்து தெரியும்?”

“பொங்கல் முடிஞ்சதுலேர்ந்து.”

“ஒரு மாசம். ஒரு மாசமா அது உள்ள துரு ஏறிக்கினு கீது. நீங்க சும்மா இருந்திருக்கீங்க.”

உள்ளே போய்விட்டாள். நான் கொட்டகையிலேயே நின்றேன். சாப்பாடு இருக்காது, பேச்சும் இருக்காது என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் என் பழைய சட்டை ஒன்றைப் புடவைக்கு மேல் போட்டுக்கொண்டு திரும்பி வந்தாள்.

“திட்டறதை அப்புறம் திட்டிக்கறேன். இது ஒடையல, ஒட்டிக்கினு கீது, அவ்ளோதான். உள்ள ஆயில் ஊத்தணும், ஒரு புனல் எடுத்துட்டு வாங்க.”

சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.

பவர் ஸ்டீயரிங் ஆயிலும் பெயிண்ட் கடையில் வாங்கிய அசிட்டோனும் சரிபாதியாகக் கலந்து, அந்தச் சிலிண்டருக்குள் ஊற்றினாள். அது துருவுக்குள் மெல்ல இறங்கி, பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவில் வழி கண்டுபிடிக்க வேண்டும். ஒரு கம்பியை விட்டு அளவு பார்த்து அதில் நூல் கட்டினாள். புல்லியிலும் அதற்கு நேரே எஞ்சின் உடம்பிலும் சாக்பீஸால் ஒரே கோடாக இழுத்தாள். கோடு விலகினால் எஞ்சின் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஐந்து நாள் எதுவும் நடக்கவில்லை. ஊற்றியது ஊற்றியபடியே நின்றது. வேலைக்குக் கிளம்பும் முன் அவள் கம்பியை விட்டுப் பார்ப்பாள், நூலைப் பார்ப்பாள், தலையை ஆட்டிவிட்டு ரயிலுக்கு ஓடுவாள். ஆறாம் நாள் காலை கம்பியைத் தூக்கிக் காட்டினாள். ஊற்றியது நூலுக்குக் கீழே ஒரு நகக்கண் அளவு இறங்கியிருந்தது.

“குடிக்குது,” என்றாள். அன்றைக்கு ஏழு நாற்பது ரயிலை விட்டுவிட்டாள். அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. அந்தச் சனிக்கிழமை அவளுக்கு ஷிப்ட். நான் ஒரு இரும்புக் குழாயை ஸ்பேனர் கைப்பிடியில் செருகி, பலம் கொண்ட மட்டும் இழுத்தேன். ஸ்பேனர் வழுக்கி, விரல் முட்டி நான்கும் ரேடியேட்டரில் உரசித் தோல் போயிற்று. உடனே அவளுக்குப் போன் செய்தேன். கட்டுப் போடுவதற்கு முன்னாலேயே செய்தேன்.

“போல்ட் தலை முழுசா இருக்கா?”

“இருக்கு.”

“கை?”

“அதுவும் இருக்கு.”

“ரெண்டையும் அப்படியே வையுங்க. நான் வரேன்,” என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் ஞாயிறு. பக்கத்து மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மாள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி ஸ்பேனரைத் தொடவில்லை. வண்டியை டாப் கியரில் போட்டு ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிடச் சொன்னாள். கியரில் இருந்தால் டயர் உருளும்போது எஞ்சினும் கூடவே சுற்றப் பார்க்கும்.

“முன்னாடி நான், பின்னாடி நீங்க. ஒருதரம் நான் தள்றேன், ஒருதரம் நீங்க. முரட்டுத்தனம் வேணாம். தொட்டில் ஆட்டற மாதிரி.”

ஆட்டினோம். டயர் ஒரு விரற்கடை உருளும், நிற்கும். திரும்ப வரும், நிற்கும். எஞ்சினுக்குள் ஏதோ ஒன்று ‘இல்லை, இல்லை’ என்பதுபோல் இருந்தது. என் விரல் முட்டியில் கட்டிய துணி நனைந்துவிட்டது. எவ்வளவு நேரம் ஆட்டியிருப்போம் என்று தெரியாது. அவள் மூச்சு வாங்க, “நில்லுங்க,” என்று சொல்லிவிட்டு முன்னால் குனிந்து புல்லியைப் பார்த்தாள். நிமிரவே இல்லை.

“என்னாச்சு?”

“கோடு விலகிக்கினு கீது.”

நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒரு நெல்மணி அகலம். சாக்பீஸ் கோடு இரண்டாகப் பிரிந்து, ஒன்றுக்கொன்று பக்கத்தில் நின்றது. மறுபடியும் ஆட்டினோம். பத்துப் பதினைந்து தடவை இருக்கும். ‘க்ர்ர்க்’ என்று பனங்கிழங்கை ஒடிக்கிற மாதிரி ஒரு சத்தம். வண்டி அவள் பக்கமாக ஒரு முழம் நகர்ந்தது. ரேடியேட்டர் விசிறி தானாகக் கால் சுற்று சுற்றி நின்றது.

அவள் வண்டியின் மேல் இரு கைகளையும் வைத்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குப் புரியவில்லை. அவளுக்கும் புரிந்திருக்காது. நானும் எதிரில் உட்கார்ந்தேன். 

“என்னமா முடிஞ்சிட்சா உங்க வேல?” என்று மாடியிலிருந்து அந்த அம்மாள் கேட்டார்.

“முடிஞ்சிட்சிக்கா,” என்றாள் மனைவி.

பிளக் இல்லாமல் எஞ்சினைச் சுற்றவிட்டோம். உள்ளே ஊற்றியதெல்லாம் காபிப் பொடி நிறத்தில் பீய்ச்சிக்கொண்டு சுவரில் அடித்தது. மீதி கீழே இறங்கி எஞ்சின் ஆயிலோடு கலந்திருக்கும் என்பதால் ஆயிலை இரண்டு தடவை மாற்றினாள். பிறகு மூன்றாவது ஓட்டையைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, என்னைச் சாவியைத் திருப்பச் சொன்னாள்.

“விரலைத் தள்ளுது,” என்று கத்தினாள். அதாவது பிஸ்டன் காற்றை அழுத்துகிறது, அதைச் சுற்றியிருக்கும் ரிங் பிழைத்துவிட்டது. அதை எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அவள் முகத்திலேயே எல்லாம் இருந்தது.

பிளக்குகளைத் திருப்பி மாட்டிய பிறகு, நாலாவது முயற்சியில் எஞ்சின் உயிர் பிடித்தது. வெள்ளைப் புகை தெருவை மூடி, மாடி அம்மாள் ஜன்னலைச் சாத்தினார். கால் மணி நேரத்தில் புகை மெலிந்தது. நான் அணைக்கப் போனேன். “இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும்,” என்று அவள் தடுத்துவிட்டாள்.

விமான நிலையத்திலிருந்து திரும்பும்போது மச்சான்தான் ஓட்டினான். வெளியே நல்ல வெயில். பூந்தமல்லி தாண்டியதும் தலையைச் சாய்த்துக் காது கொடுத்தான்.

“ஒரு சிலிண்டர்ல லேசா சத்தம் வருது மாமா. இன்னா பண்ணி வெச்ச?”

பின்சீட்டில் மனைவி இருந்தாள். அவளுக்குத் தெரியும், ஆனால் பதிலை எனக்கே விட்டுவிட்டாள். நானே சொன்னேன். இந்தத் தடவை பனியன் துணியிலிருந்தே ஆரம்பித்தேன், எதையும் விடவில்லை. அவன் அடுத்த சிக்னலில் வண்டியை நிறுத்தினான். கைகள் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்திருந்ததை நான் பார்த்தேன். பச்சை விழுந்தது.

“எஞ்சின எறக்காமயே ஜாம எடுத்துட்டீங்களா?”

“உங்க அக்காதான் எடுத்தா.”

கண்ணாடியில் அக்காவைப் பார்த்தான். “அந்தக் காலேஜுக்கு தெனம் கொண்டாந்து வுட்டது வீண்போவல,” என்றான். அப்புறம் என்னைப் பார்த்து, “எனுக்கு போன்லயே சொல்லியிருந்தா நானும் ஒரு மாசம் பயந்துகினு இர்ந்திருப்பேன். சொல்லாததும் நல்லதுதான் மாமா,” என்றான். அவன் அதை மனதாரத்தான் சொன்னான். பின்சீட்டிலிருந்து, “அது ஒண்ணும் நல்லதில்ல,” என்று பதில் வந்தது. மூவருமே சிரித்துவிட்டோம்.

அந்த வாரமே அமாவாசை வந்தது. எல்லோருமாகத் திருவள்ளூர் கோயிலுக்குப் போகலாம் என்றான் மச்சான். அவன் ஓட்ட, ஆவடியிலிருந்து வந்திருந்த அவன் மனைவி முன்னால் உட்கார, நாங்கள் இருவரும் பின்னால். ஜன்னல் வழியாகக் காற்று வந்தது. எஞ்சின் ஒரே சீராக உறுமிக்கொண்டிருந்தது. என் மனைவி தம்பியிடம் ஏதோ ரிங் மாற்றுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். வேப்பம்பட்டு வருவதற்குள் தூங்கிப்போனேன்.