முதுகு வலித்தால் ஸ்பேட்

செங்கம் சாலையில் உள்ள ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் தர்மதேவி இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கிறாள். வயது ஐம்பத்துமூன்று. அவள் ஊசி குத்தினால் குத்தியதே தெரியாது என்று, பக்கத்து ஆசிரமத்துக்கு வந்து காய்ச்சலில் விழும் வெளிநாட்டுக்காரர்கள்கூட அவளைத்தான் தேடுவார்கள். அதிகம் பேச மாட்டாள். மறக்கவும் மாட்டாள்.

கணவர் சுதர்சன் நில அளவைத் துறையில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். போளூர் பக்கத்துச் சமணக் குடும்பம். வேங்கிக்காலில் வீடு கட்டி வந்ததிலிருந்து, ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அவர்கள் வீட்டில் இருபத்தெட்டு என்ற சீட்டாட்டம் நடக்கும். கணவனும் மனைவியும் ஒரு ஜோடி, பக்கத்து வீட்டு சக்கரபாணியும் அவர் மனைவி அறிவுமதியும் இன்னொரு ஜோடி. சமணர்கள் சூதாடக் கூடாது என்பதால் காசு கிடையாது. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பதால் ஐந்தரைக்கு ஆட்டம் முடிந்துவிடும்.

இருபத்தெட்டில் எதிரே உட்கார்ந்திருப்பவர்தான் நம் ஜோடி. ஆட்டம் முடியும்வரை அவரிடம் சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. கண்ணைக் காட்டக் கூடாது, கனைக்கக் கூடாது. சுதர்சன் ஒவ்வொரு வாரமும் சீட்டைக் கலைத்துக்கொண்டே இதைச் சொல்வார். "பேசாம ஆடறதுதான் மரியாதை. பேசினா அது ஆட்டமே இல்ல."

ஆனால் கல்யாணமான புதிதில் அவளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தபோதே இன்னொன்றையும் சொல்லிக்கொடுத்திருந்தார். நான்கு ஜாதியிலும் பெரிய சீட்டு ஜாக்கி. தன் கையில் எந்த ஜாக்கி இருக்கிறது என்பதை அவர் ஊர்ப் பேச்சாகச் சொல்லிவிடுவார். முதுகு வலிக்கிறது என்றால் ஸ்பேட். தாகம் எடுத்தால் ஹார்ட்டின். கொசு கடித்தால் கிளாவர். கரண்ட் போய்விடுமோ என்றால் டைமன். கேட்டதும் அவள் அந்த ஜாதியை இறக்க வேண்டும்.

"இது தப்பில்லையாங்க?" என்று அவள் ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"புருஷன் பொண்டாட்டிக்குள்ள என்ன தப்பு?" என்றார் அவர்.

பத்து வருடம் அப்படித்தான் ஜெயித்தார்கள். தோற்ற நாட்களில் மட்டும் சுதர்சனுக்கு நாக்கு நீளும். "இவளுக்கு ரத்தம் எடுக்கத்தான் தெரியும்" என்பார். சக்கரபாணி தலையைக் குனிந்துகொள்வார். அறிவுமதி டீ கொண்டுவர எழுந்து போவாள்.

போன வருடப் பொங்கலுக்குக் குடியிருப்போர் சங்கம் ஷாமியானா போட்டுப் போட்டி நடத்தியது. இவர்கள் இருவரும் இறுதி ஆட்டம்வரை வந்தார்கள். கடைசிக் கையில் சுதர்சன், "தாகமா இருக்கு" என்றார். தர்மதேவி தன் சீட்டுகளைப் பார்த்தாள். ஹார்ட்டின் ஒன்றுகூட இல்லை. வேறு வழியில்லாமல் கிளாவரை இறக்கினாள். ஆட்டம் போய்விட்டது.

சுதர்சன் மிச்சச் சீட்டுகளை அவள் முகத்தில் எறிந்தார். பிளாஸ்டிக் நாற்காலிகளில் நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பொண்ணு பாக்க வந்தப்போ உங்க அப்பா என்ன சொன்னாரு? எம்பொண்ணு சொன்னதக் கேட்டுக்குவானுதானே? அது ஒண்ணாவது உருப்படியா இருக்கும்னு கட்டிக்கிட்டேன். அதுவும் இல்ல."

கையில் ஹார்ட்டின் இல்லை என்று சொன்னால், ஹார்ட்டினை ஏன் இறக்க வேண்டும் என்று கேட்பார்கள். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவரைக் காட்டிக்கொடுக்க வேண்டும். குனிந்து சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கி மேசைமேல் வைத்தாள். செத்துப்போன அப்பாவை நாற்பது பேர் நடுவில் இழுத்ததுதான் அவளுக்கு நெஞ்சில் நின்றது.

அடுத்த வாரமே, கண் வலிக்கிறது, இனி ஆடவில்லை என்று சொல்லிவிட்டாள். சுதர்சன் தன் பழைய ஆபீஸிலிருந்து அருண்பிரசாத் என்ற இளைஞனைக் கூட்டிவந்து ஜோடியாக்கிக்கொண்டார். அவனுக்கும் கூடத்தில் உட்கார்ந்து அதே பாடம் நடந்தது. சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டே அவள் எல்லாவற்றையும் கேட்டாள். முதுகு, தாகம், கொசு, கரண்ட். ஒன்றைக்கூட அவர் மாற்றவில்லை. மாற்ற வேண்டும் என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை. இவள் என்ன செய்துவிடப் போகிறாள் என்றுதானே இருக்கிறார் என்று நினைத்தபோது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

மார்கழியில் சக்கரபாணி ஸ்கூட்டரிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டார். தர்மதேவி அன்றே அறிவுமதியிடம் போனாள்.

"பொங்கல் போட்டிக்கு என்கூட ஆடறியா?"

"கண்ணு வலினு சொன்னீங்களேக்கா?"

"இப்போ நல்லாத் தெரியுது."

அந்தப் பொங்கலுக்கும் அதே ஷாமியானா. தர்மதேவியும் அறிவுமதியும் ஒருவரையொருவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஆடி, இறுதி ஆட்டத்துக்கு வந்தார்கள். எதிராளிகள் சுதர்சனும் அருண்பிரசாத்தும். சுதர்சன் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். அவருக்குக் கொசு கடித்தது. அவள் கிளாவர் பக்கமே போகவில்லை. கரண்ட் பயம் வந்தது. டைமனைத் துருப்பு வைத்து வெட்டினாள். இரண்டு பக்கமும் சமமாக வந்து கடைசிக் கை மிஞ்சியது.

"முதுகு பிடிச்சிக்கிச்சு" என்றார் சுதர்சன்.

தர்மதேவி சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "ஸ்பேட் ஜாக்கி கையில இருக்குனு தம்பிகிட்ட நேராவே சொல்லிடுங்களேன். எதுக்கு முதுகை இழுக்கறீங்க?"

நடுவராக நின்ற சங்கத் தலைவர் வல்லரசு அருகில் வந்தார். "அக்கா, ஆட்டத்துல பேசக் கூடாது."

"பார்ட்னர்கிட்டதானே பேசக் கூடாது? நான் எதிராளிகிட்ட பேசறேன்."

"என்ன உளர்ற?" என்றார் சுதர்சன்.

"உளர்றேனா இல்லையானு சீட்டு விழும்போது தெரிஞ்சிடும். ஆடுங்க."

ஒரு சுற்று போயிற்று, இரண்டு போயிற்று. சுதர்சன் அந்தச் சீட்டை விரலுக்கடியில் பிடித்துக்கொண்டு மற்றதையெல்லாம் தப்பும் தவறுமாக இறக்கினார். மூன்றாவது சுற்றில் அறிவுமதி ஸ்பேட் இறக்கினாள். சுதர்சன் கையில் இருந்த ஒரே ஸ்பேட், அவர் பிடித்துவைத்திருந்த அந்தச் சீட்டுதான். இறக்கிய ஜாதி கையில் இருந்தால் போட்டே ஆக வேண்டும். போட்டார்.

ஸ்பேட் ஜாக்கி மேசையில் கிடந்தது. பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்திருந்த சக்கரபாணி மெல்ல எழுந்தார். "கொசு, கரண்ட் எல்லாமும் இதுதானா சுதர்சன்? பத்து வருஷமாவா?"

அருண்பிரசாத் சீட்டைக் கவிழ்த்துவிட்டு, "சார் சொன்னதத்தாங்க செஞ்சேன்" என்று எழுந்து போனான். ஜாடை சொல்லி ஆடிய ஜோடிக்கு ஆட்டம் இல்லை என்று சொல்லி, வல்லரசு கோப்பையைப் பெண்களிடம் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் சுதர்சன் கேட்டார். "ஏன் இப்படிப் பண்ண? வீட்ல சொல்லியிருக்கலாம்ல?"

"போன வருஷம் என் கையில ஹார்ட்டினே இல்ல. நீங்க அதைக் கேக்கவே இல்ல."

அவர், "அதுக்காக நாலு பேர் முன்னாடியா?" என்றார்.

"நாற்பது பேர்" என்றாள் அவள்.

அறிவுமதி இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தப் பத்து வருடமும் தர்மதேவியும் சேர்ந்துதானே ஏமாற்றியிருக்கிறாள். தர்மதேவி அவள் வீட்டு வாசலுக்குப் போய், சாக்கு எதுவும் சொல்லாமல், "ஆமாம், நானும்தான்" என்று ஒப்புக்கொண்டாள். மூன்றாவது வாரம் அறிவுமதி சீட்டாட வந்தாள்.

இப்போது இருவரும் ஊரில் எங்கே போட்டி நடந்தாலும் போகிறார்கள். சுதர்சனோடு ஜோடி சேர வேங்கிக்காலில் யாரும் இல்லை. அவர்தான் தர்மதேவியை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறார். உள்ளே வந்து பார்க்கட்டுமா என்று ஒரு தடவை கேட்டார்.

"வேணாம். வெளியிலயே நில்லுங்க" என்றாள்.

ஆட்டம் முடிந்த பிறகும் அரை மணி நேரம் உட்கார்ந்து, அறிவுமதியோடு இன்னொரு டீ சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்து வருகிறாள்.