உர்சா முன்வாசல் வழியாகத்தான் போனாள்

“ஓடிப்போனாள்னு இன்னொரு தடவை சொல்லிப் பாரு கிரிஸ்பினா! என் அக்கா ஓடல. நடந்து போனா. அதுவும் முன்வாசல் வழியா.”

மாடிவீட்டு கிரிஸ்பினா விடுகிறவளா? மொச்சை உரித்தபடியே கேட்டாள்: “யாரோ கோத் இனத்துச் சிப்பாய் காத்துக்கிட்டிருந்தானாமே?”

“காத்திருந்தது அவ புருஷன்டி. பக்கத்துல ஒரு கழுதை. அதைப் பாத்துத்தான் சிப்பாய்னு நெனச்சிருப்பே.”

இத்தனை வருடம் கழித்தும் தெரு இதையே மெல்லுகிறது. உர்சாவைக் குறை சொல்ல உரிமையுள்ளவள் ஒருத்திதான் உண்டு, அது நான். அவளைப் பார்த்து நான் எரிந்த அளவுக்கு இந்த ரோமில் யாரும் எரிந்ததில்லை.

நாங்கள் ரொட்டிக்காரர் வீட்டுப் பெண்கள். ரொட்டிக்காரன் மகன் ரொட்டிதான் சுட வேண்டும். மகளைக் கட்டுகிறவனும் சுட வேண்டும். அரசாங்கச் சட்டம். ஊர் ஜனத்துக்கு நாள் தவறாமல் இலவச ரொட்டி போக வேண்டுமே! அடுப்பை விட்டு ஓடினால் ஆள் அனுப்பி இழுத்து வருவார்கள். மடத்தில் ஒளிந்த என் பெரியப்பாவையே இழுத்து வந்தார்கள். அதனால் வெளி ஆண் எவனும் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பமாட்டான்.

ஒருவன் திரும்பினான். சபீன மலையிலிருந்து வெங்காயம் கொண்டுவந்து விற்ற விதாலிஸ்.

“இவளைக் கட்டினா உன் மலையை மறந்துடணும், தெரியுமில்ல?” என்றார் அப்பா.

“மலை எங்கயும் போயிடாது மாமா. இவ போயிட்டா?”

அந்தப் பதில் என்னைத் தூங்கவிடவில்லை. என்னை ஒரு ரொட்டிக்காரனுக்கே கொடுத்தார்கள். அவன் ஒரு பிள்ளையைக் கொடுத்துவிட்டு, மாவுத் தூசியில் இருமியே செத்தான். மலையை விடுவது இருக்கட்டும், எனக்காக ஒரு வெங்காயத்தை விட்டுக்கொடுத்திருப்பானா? அப்புறம் அந்த இரண்டு பேரும் ஒரே தொட்டியில் மாவு பிசைந்து சிரிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். வருடக்கணக்காகப் பார்த்தேன்.

ஆப்பிரிக்காவை வாண்டல் படைகள் பிடித்தன, அங்கிருந்து வந்த கோதுமைக் கப்பல் நின்றது. ரொட்டி சிறுத்தது. திரிகை இழுத்த கழுதைகளில் ஒன்றுதான் மிஞ்சியது. விதாலிஸின் அம்மா சொல்லியனுப்பினாள்: ‘ஒலிவ மரங்களைப் பார்க்க ஆளில்லை, இங்கே பசி இல்லை, வந்துவிடுங்கள்.’

“போயிடலாம் உர்சா,” என்று அவன் கெஞ்சுவது எனக்குக் கேட்டது.

“பிடிச்சிட்டா உங்களைச் சாட்டையால அடிப்பாங்களே!” என்று அழுதாள்.

மறைக்க மாட்டேன். மறுநாள் நான் அவர்களைக் காட்டிக்கொடுக்க அரசாங்க ரொட்டி அலுவலகத்துக்குப் போனேன். அவளுக்குப் புருஷனும் வேண்டும், மலையும் வேண்டும், எனக்கு மட்டும் இந்த அடுப்பா?

அலுவலகக் கதவு திறந்தே கிடந்தது. ஏடுகள் இருக்கும் அலமாரியில் கோழிகள் அடைகாத்தன. வாயில்காப்பவன் ஒரு கிழவன், வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தான்.

“அதிகாரி எங்கே?” என்றேன்.

“அவர் போயி ரெண்டு வருஷமாச்சும்மா. முட்டை வேணுமா?”

இரண்டு முட்டை வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன். அங்கே பார்த்ததை உர்சாவிடம் மூச்சுவிடவில்லை. பயந்து கிடக்கட்டும், என்னோடேயே கிடக்கட்டும் என்று இருந்தேன். குளிர்காலம் முழுக்க இருந்தேன்.

ஒருநாள் பார்லியோடு ஓக் மரக்கொட்டை மாவு கலந்து ஆறு ரொட்டி தட்டினாள். ஒன்றில் எடை குறைந்தது. தன் பங்கிலிருந்து கிள்ளி அதில் ஒட்டினாள். பிறகு ஆறிலும் அரசு முத்திரையை அழுத்திக் குத்தினாள்.

“சோதனைக்கு வந்தா எடை குறையக் கூடாதுடி.”

எனக்குத் தாங்கவில்லை. “வரமாட்டாங்க அக்கா. அங்க ஒருத்தருமே இல்ல. கோழிதான் இருக்கு.”

“நீ எப்போ பாத்தே?”

“திராட்சை அறுப்பு முடிஞ்சப்போ.”

“அங்க உனக்கு என்ன வேலை?”

சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். கையிலிருந்த மாவை விரல் விரலாக உரித்துத் தொட்டியில் போட்டாள். பிறகு சொன்னாள்: “நீயும் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வா.”

“மாட்டேன். உங்க ரெண்டு பேரையும் பாத்து அங்கயும் வயிறெரியணுமா? நீ போ.”

மறுநாள் காலை, வெயில் நன்றாக ஏறியபின், தாழ்ப்பாளை நான்தான் நீக்கினேன். விதாலிஸ் கழுதையோடு தெருவில் நின்றான். மேலே கிரிஸ்பினாவின் சன்னல் திறந்திருந்தது. அவள் தலையும் இருந்தது. உர்சா முத்திரைக் கட்டையை என் கையில் வைத்தாள். ஒரு காலை வெளியே வைத்து, யாராவது அதட்டுவார்களா என்று அப்படியே நின்றாள்.

ஒருவரும் அதட்டவில்லை. மற்றக் காலையும் எடுத்து வைத்தாள்.