திருகாணியில் சந்தனம்

பழைய ரைபிளை அசலா போலியா என்று பார்த்துச் சொல்லும் வேலையில், குண்டு வெளியே வராமலே ஆள் சாய்ந்துவிடுவது உண்டு. பெரும்பாலும் சாய்ந்தவன் நான்தான். பழைய ரேடியோ, பழைய சைக்கிள், பழைய கிராமபோன் என்று எதையாவது வாங்கிவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

பம்பாயில் டிராம் ஓடிக்கொண்டிருந்த கடைசி வருஷங்கள் அவை. கோட்டைப் பக்கம் ஒரு துப்பாக்கிக் கடையில் எனக்கு வேலை. வெளிநாட்டிலிருந்து புதுச் சரக்கு வருவது ஏறக்குறைய நின்றுபோயிருந்ததால், லைசென்சு வைத்திருந்த பணக்காரர்கள் அந்தக் காலத்து இங்கிலீஷ் ரைபிள்களுக்கு அலைந்தார்கள். நான் பார்த்துத் தலையாட்டினால் கடை முதலாளி சேட் வாங்குவார்.

கூட்டுக் குடும்பம்

முதல் அடி தாதர் வக்கீல் ஒருவரால் விழுந்தது. ஒரு புரோக்கர் கொண்டுவந்த ரைபிள். மரக்கட்டையில் தேய்மானம், குழலில் கம்பெனி பெயர், பிடியில் பழைய எண்ணெய் வாசனை எல்லாம் கச்சிதம். நான் தலையாட்டினேன், சேட் வாங்கி வக்கீலுக்கு விற்றார். பத்து நாள் கழித்து வக்கீல் அதைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து மேஜைமேல் போட்டார்.

அசல் ரைபிளில் குழல், அதைத் தாங்கும் நடு இரும்பு, தோட்டாவைத் தள்ளிப் பூட்டும் போல்ட் மூன்றிலும் ஒரே நம்பர் இருக்கவேண்டும். இதில் மூன்றும் மூன்று நம்பர். போல்ட்டை உருவிப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். நான் உருவவில்லை. தாராவியில் அறை பிடித்து, ஊரிலிருந்து என் மனைவி பாத்துமாவைக் கூட்டிவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. இன்னொரு முறை இப்படி நடந்தால் ஊருக்கு ரயிலேற வேண்டியதுதான் என்று சேட் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். வக்கீல் மட்டும் கோபப்படாமல் இந்தியில் சொன்னார்: "இது துப்பாக்கி இல்லை மைதீன் பாய், கூட்டுக் குடும்பம். மூன்று வீட்டுப் பிள்ளைகள் ஒரே கூரையில் இருக்கிறார்கள்."

செம்பூர் மாமி

அடுத்தது செம்பூர். காலமான காட்டிலாகா அதிகாரி ஒருவரின் மனைவி, கணவரின் ரைபிளை விற்க விரும்பினார். போய்ப் பார்த்தேன். பார்த்ததும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. இரும்பில் அந்தக் காலத்து நீலக்கறுப்புப் பூச்சு அப்படியே இருந்தது; விலையே அதற்குத்தான். கை படுகிற இடத்தில் மட்டும்தான் மங்கியிருந்தது. இந்தமுறை போல்ட்டையும் உருவினேன். மூன்று நம்பரும் ஒன்றே. "ஞாயிற்றுக்கிழமை சேட்டைக் கூட்டிவருகிறேன், யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்" என்று சொல்லிவிட்டு வந்தேன். போன மானத்தை இந்த ரைபிள் மீட்டுத்தரும் என்று ஏகப்பட்ட நம்பிக்கை.

ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறந்ததும் கண் கூசியது. கூடத்து மேஜைமேல் தீபாவளிக்கு விளக்கிய குத்துவிளக்கு மாதிரி ஏதோ பளபளவென்று கிடந்தது. அதுதான் ரைபிள். புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்து, போகாத இடத்தில் உப்புத்தாள் வைத்து உரசியிருந்தார் மாமி. நீலக்கறுப்பு போன இடம் தெரியவில்லை. கம்பெனி பெயரில் பாதி எழுத்து இல்லை. சேட் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஏன் மாமி இப்படிச் செய்தீர்கள்?" என்று எப்படியோ கேட்டேன். மாமிக்கு என் கேள்வியே வினோதமாக இருந்தது. "நன்னாயிருக்கே! பொண்ணு பார்க்க வர்றவா முன்னாடி எண்ணெய் வழியற மூஞ்சியோடயா கொண்டுவந்து நிறுத்துவா?"

எல்லாவற்றுக்கும் பொட்டு

என்னைக் காப்பாற்றியது மாட்டுங்கா. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு அய்யர், அப்பா காலத்து ரைபிளைக் காட்டினார். எடுத்ததும் திடுக்கென்றது. திருகாணித் தலைகளின் பள்ளத்தில் மண் மாதிரி ஏதோ அடைத்திருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். சந்தனம். அதன்மேல் குங்குமம், அதன்மேல் மறுபடி சந்தனம். வருஷா வருஷம் சரஸ்வதி பூஜைக்கு வைத்தது கல்லாக இறுகிக் கிடந்தது.

எனக்கு ஆனந்தக் கண்ணீர் வராத குறை. திருகாணியில் இத்தனை வருஷச் சந்தனம் இருக்கிறதென்றால் இத்தனை வருஷமாக ஒருவனும் அதைத் திருகவில்லை. திருகாமல் எந்தப் பாகத்தையும் மாற்ற முடியாது. கடைக்குக் கொண்டுபோய்க் கழற்றினோம். நம்பர்கள் ஒன்றே, கட்டைக்கு அடியில் மறைந்திருந்த இரும்பு கம்பெனியிலிருந்து வந்தபடியே இருந்தது. சேட் என் முதுகில் தட்டினார். நான் அய்யரிடம் நன்றி சொன்னபோது அவருக்கு விஷயமே புரியவில்லை. "இதுல என்ன ஓய் அதிசயம்? எங்காத்துல அசந்தா என் மூக்குக்கண்ணாடிக்கும் பொட்டு வெச்சுடுவா!"

நவாப் வீட்டு ரைபிள்

இந்தச் சந்தனக் கதையை நான் சொல்லாத இடமில்லை. என் மச்சான் காஜாவிடம் இரண்டு முறை சொன்னேன். பாத்துமாவின் அண்ணன், குர்லாவில் லேத் பட்டறை வைத்திருந்தவன். எங்களுக்குத் தாராவியில் அறை பிடித்துக் கொடுத்தவனும் அவன்தான். எத்தனை பூச்சு சந்தனம், குங்குமம் நடுவிலா மேலேயா என்றெல்லாம் அக்கறையாகக் கேட்டான். என் தொழில்மேல் இவ்வளவு மதிப்பா என்று நான் நெகிழ்ந்துபோனேன்.

இரண்டு மாதம் கழித்து வேறொரு புரோக்கர் ஒரு ரைபிள் கொண்டுவந்தான். ஏதோ ஒரு நவாப்பின் அரண்மனைச் சரக்காம். வாங்கக் காத்திருந்தவர் யார் தெரியுமா? அதே தாதர் வக்கீல். சேட் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். போல்ட்டை உருவினேன். மூன்று நம்பரும் ஒன்றே. தேய்மானமும் சரியான இடத்தில் இருந்தது. தலையாட்ட இருந்தேன். அப்போதுதான் திருகாணிகளைப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் சந்தனம், குங்குமம், சந்தனம்.

நவாப் வீட்டில் எங்கே சரஸ்வதி பூஜை நடந்தது? மூக்கருகே கொண்டுபோனேன், கல்யாணப் பந்தலில் நிற்கிறமாதிரி மணந்தது. குண்டூசியால் கீறியதும் சந்தனம் பொலபொலவென்று உதிர்ந்து, அடியில் நேற்றுத் திருகிய கீறல் மின்னியது. வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். வக்கீல் எழுந்துவிட்டார். புரோக்கர் மட்டும் அசரவில்லை. "நவாப் சாப்போட துப்பாக்கியைத் துடைக்கிற ஆள் ஹிந்து ஆத்மி, பாய்!"

மச்சான்

வேலை தப்பியது. அந்த ஞாயிறு மத்தியானம் காஜா சாப்பிட வந்தான். பாத்துமா சோறு பரிமாற, நான் நவாப் கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. பிசைந்த சோறு கையிலேயே நின்றது. "மாட்டுங்கா அய்யர் வீட்டுத் துப்பாக்கின்னுல்லா செஞ்சு குடுத்தேன். அந்தப் பய நவாப்புன்னா சொன்னான்?"

பாத்துமா கரண்டியைக் கீழே வைத்தாள். மெதுவாக எல்லாம் வெளியே வந்தது. புரோக்கர்கள் கொடுக்கும் பழைய பாகங்களைச் சேர்த்து முழு ரைபிளாக ஆக்குவது அவன் பட்டறையில் நடந்ததாம். முதலில் வந்த அந்தக் கூட்டுக் குடும்பமும் அவன் கைவேலைதான். எந்தக் கடைக்குப் போகிறது என்று அப்போது தெரியாதாம். இரண்டாவது எங்கள் கடைக்கு என்று தெரிந்தேதான், மூன்று நம்பரையும் அழித்து ஒன்றாகப் பொறித்துச் செய்தானாம். "பாவி, என் வேலை போயிருந்தால் உன் தங்கச்சி எந்தத் தெருவில் நிற்பாள்?" என்று கத்திவிட்டேன். அவன் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்துவிட்டது. "வாங்கினவன் கண்டுபிடிச்சா ஒங்க வேல போயிருமேன்னுதான மச்சான், இந்த மட்டம் அவ்வளவு பாத்துப் பாத்துச் செஞ்சேன்!"

எந்த ரைபிளையும் கழற்றிப் பார்த்து உள்ளே இருப்பதைச் சொல்லிவிட எனக்குத் தெரியும், ஆனால் மச்சானைக் கழற்றிப் பார்க்கத் திருகாணி எங்கே இருக்கிறது என்பது மட்டும் இன்றுவரை பிடிபடவில்லை.