எஞ்சினில் ஏறிய மச்சான்

கல்முனையில் தண்டவாளம் இல்லை. ரயில் பார்க்க வேண்டுமென்றால் மட்டக்களப்புக்குத்தான் போக வேண்டும். அப்படியிருந்தும், பழைய நீராவி எஞ்சின் ஒன்றைத் திருத்தி, உல்லாசப் பயணிகளோடு மலைக்கு ஓட்டப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் நான் கமராவைத் துடைக்கத் தொடங்கிவிட்டேன். பதினைந்து வருடமாகக் கலியாண வீடுகளில் படம் எடுப்பவன். மாப்பிள்ளை பெண் அல்லாத ஒன்றை எடுக்க ஆசை.

துணைக்கு மாமாவின் மகனையும் என் வேனில் கூட்டிப் போனேன். மருதமுனைக் கைத்தறிச் சாரங்களைச் சிங்கள ஊர்களில் கொண்டுபோய் விற்பவன்; சிங்களம் அவனுக்குத் தண்ணீர் மாதிரி. என்னைப் பார்த்து அவனும் ஒரு சின்னக் கமரா வாங்கியிருந்தான்.

மலையேறுவதற்கு முன், ரம்புக்கனை ஸ்டேசனில் எஞ்சின் தண்ணீர் ஏற்ற நின்றது. நான் ஸ்டாண்டை விரித்து வெளிச்சம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் மச்சான் டிரைவரோடு சிரித்துக் கதைத்துக்கொண்டு நின்றான். என்ன சொன்னானோ, அந்த மனிதர் அவன் தோளில் தட்டி மேலே ஏறச் சொன்னார்.

எனக்கு வயிறு எரிந்தது. ஒரு மாதமாக அந்த எஞ்சினைப் பற்றித் தேடித் தேடி வாசித்தவன் நான்.

மேலேயிருந்து குனிந்தான். "மச்சான், என்ட பெட்டரி செத்துப் போச்சி. போனும் வேனுக்குள்ள கிடக்கு. உனக்கிட்ட பெட்டரி ஒண்டு இரிக்கா?"

இரண்டு கமராவுக்கும் ஒரே வகைப் பெட்டரிதான். என் சட்டைப் பையில் முழுதாகச் சார்ஜ் ஏற்றிய ஒன்று இருந்தது.

"இல்ல மச்சான். உள்ள போட்டிரிக்கிறது மட்டுந்தான்."

"சரி, பரவாயில்ல. என்னையும் சேத்து எடு."

நான் வேனை ஓட்டிக்கொண்டு முன்னால் போய் ஒரு வளைவில் நின்றேன். நீண்ட விசில் ஒன்று கேட்டது. பிறகு புகை, அதன்பின் எஞ்சின். அவன் பாதி உடம்பை வெளியே நீட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் இல்லாமல் ஒரு படமாவது எடுக்கப் பார்த்தேன். புகை அழகாக எழும்பிய நேரத்திலெல்லாம் அவனும் இருந்தான்.

அடுத்த ஸ்டேசனில் கரி படிந்த முகத்தோடு இறங்கினான்.

"விசில் கேட்டிச்சா? நான்தான் அடிச்ச. மச்சான், உன்ன ஏத்தச் சொல்லித்தான் முதல்ல கேட்டன். நீ ஸ்டாண்ட விட்டுட்டு வரமாட்டா எண்டுதான் நான் ஏறின."

காது சுட்டது. ஆனால் பொறாமை குறையவில்லை. அவன் நல்லவனாகவும் இருந்தது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. திரும்பி வரும்போது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை வாயெடுத்தேன். அவன் எஞ்சினுக்குள் இருந்த நெருப்பைப் பற்றியே கதைத்துக்கொண்டு வந்தான். விட்டுவிட்டேன்.

என் படங்களில் நல்லதைப் பெரிதாக்கி அவன் வீட்டு முன் அறையில் மாட்டியிருக்கிறான். வருகிறவர்கள் எல்லோரும், "நீ எப்பிடி ஏறின?" என்றுதான் கேட்கிறார்கள். படம் எடுத்தது யாரென்று ஒருவரும் கேட்பதில்லை. அவனாகவே என்னைக் காட்டிச் சொல்கிறான். அவர்கள் ஒருதரம் என்னைப் பார்த்து, "ஓம், நல்லாத்தான் இரிக்கி" என்றுவிட்டு மறுபடியும் அவன் பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள்.